நம் வேலைக்கு நோபல் பரிசு உண்டா? கட்டுப்பாட்டுப் பொறியியல் விருதுகளைப் பற்றி ஒரு கேள்வி

பாய்லர்தாத்தா | பத்தாங் பெர்ஜுந்தை | சனிக்கிழமை, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனை ஆலையில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் ஏழு ஆண்டு பாய்லர் முன்னால், மீதியெல்லாம் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில்.

இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியை, பிள்ளைகளுக்கு வேலைகளை அறிமுகம் செய்ய ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக அழைக்கிறார். நேற்று என் முறை. பாய்லரில் தண்ணீர் கூடாமலும் குறையாமலும், நீராவியின் அழுத்தம் ஏறாமலும் இறங்காமலும் காக்கிற கருவிகளைக் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை என்று சொன்னேன். அதற்குக் கட்டுப்பாட்டுப் பொறியியல் என்று பெயர் என்றும் சொன்னேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்தான். "தாத்தா, டாக்டர்களுக்கு நோபல் பரிசு இருக்கிறது. விஞ்ஞானிகளுக்கும் இருக்கிறது. உங்கள் வேலைக்கு இருக்கிறதா?"

இல்லை என்றேன். ஐஸ் கச்சாங் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னதுபோல் அவன் முகம் சுருங்கிவிட்டது.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் துறைக்கு உலக அளவில் என்ன விருது, யார் யார் வாங்கினார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத்தக்க கதை வேண்டும்.

கிராணிமகன் | ஷா ஆலம் | சனிக்கிழமை, இரவு 9.52

ஐயா, வணக்கம். நான் இத்துறையில் விற்பனைப் பக்கம் இருப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரிய அமைப்பு ஐஃபாக் எனப்படும் பன்னாட்டுத் தன்னியக்கக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பு. 1957இல் பாரிசில் தொடங்கியது. முதல் மாநாடு 1960இல் மாஸ்கோவில். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலக மாநாட்டில் ஜியோர்ஜியோ குவாட்சா என்ற இத்தாலியப் பொறியாளர் பெயரில் ஒரு பதக்கம் தருகிறார்கள். இத்துறையில் வாழ்நாள் உழைப்புக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை அது. மின்பொறியாளர்களின் ஐ.இ.இ.இ. அமைப்புக்கென்று தனியாக ஒரு கட்டுப்பாட்டு விருது உண்டு. வெண்கலப் பதக்கம், சான்றிதழ், கொஞ்சம் பணம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1968 முதல் ரூஃபஸ் ஓல்டன்பர்கர் பதக்கம் வழங்குகிறது. அமெரிக்கத் தன்னியக்கக் கட்டுப்பாட்டு மன்றம் பெல்மன் பெயரில் மூத்தவர்களுக்கு ஒன்றும், எக்மன் பெயரில் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றும் கொடுக்கிறது. இன்னும் இருக்கின்றன. முக்கியமானவை இவைதான்.

நோபல் கிடையாது. நீங்கள் சொன்னது சரிதான்.

ஈயக்குட்டை | ஜொகூர் பாரு | சனிக்கிழமை, இரவு 11.30

மன்னிக்க வேண்டும் அண்ணா, சரியில்லை. ஒரே ஒரு முறை கிடைத்திருக்கிறது!

நானும் நம் ஊர்ப் பெண்தான். இப்போது இங்கே கட்டுப்பாட்டியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். 1912ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு சுவீடன் நாட்டு குஸ்தாஃப் டாலேன் என்ற பொறியாளருக்குப் போனது. எதற்கு என்றால், கலங்கரை விளக்கங்களிலும் கடல் மிதவைகளிலும் எரிவாயுச் சேமிப்புக் கலன்களோடு சேர்ந்து இயங்கும் தானியங்கிச் சீராக்கிகளைக் கண்டுபிடித்ததற்கு. பரிசுக் குறிப்பிலேயே "தானியங்கிச் சீராக்கி" என்ற சொல் இருக்கிறது. நம் துறையின் சொல் அது.

ஐயா, பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. அவருடைய சூரிய வால்வு இப்படி வேலை செய்யும். நடுவில் கறுப்புப் பூசிய ஓர் உலோகக் கம்பி. அதைச் சுற்றிக் கண்ணாடிபோல் மெருகேற்றிய மூன்று கம்பிகள். பொழுது விடிந்ததும் கறுப்புக் கம்பி ஒளியை உறிஞ்சிச் சூடேறி மயிரிழை அளவு நீளும். மெருகேறிய கம்பிகள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அவ்வளவு நீளாது. அந்த மயிரிழை வித்தியாசம் ஒரு நெம்புகோலைத் தள்ளி வாயுவை மூடிவிடும். சாயங்காலம் எல்லாக் கம்பிகளும் ஒரே நீளத்துக்கு வந்ததும் வாயு திறக்கும். கூடவே எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர் விளக்கை ஏற்றிவிடும். விளக்கேற்ற ஆள் படகில் போக வேண்டியதில்லை, பகலில் வாயு வீணாவதும் இல்லை.

பரிசு கிடைத்த அதே 1912இல் அசிட்டிலீன் வாயுச் சோதனை ஒன்று வெடித்து டாலேனின் இரண்டு கண்களும் போய்விட்டன. பரிசு வாங்க அவருடைய அண்ணன்தான் போனார். அண்ணன் கண் மருத்துவர். அதற்குப் பிறகும் டாலேன் 25 ஆண்டு தம் நிறுவனத்தை நடத்தினார்.

தாமான்வாசி | கோலா சிலாங்கூர் | ஞாயிறு, காலை 7.15

புக்கிட் மெலாவத்தி கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்து குரங்குகளுக்குக் கடலை போட்டு வளர்ந்தவன் நான். இந்தக் கதை எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? எங்கள் விளக்கில் அந்தக் கம்பி இருந்ததா என்று தெரியாமல் அளக்க மாட்டேன். ஆனால் இன்று சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சங்குச்சத்தம் | ஈஜோக் | ஞாயிறு, காலை 10.40

கதை நன்றாகத்தான் இருக்கிறது. என் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நூறாண்டுக்கு முன் ஒருவருக்குக் கொடுத்தார்கள், அதோடு சரி. இன்றைக்கு இருக்கிற பதக்கங்களெல்லாம் பேராசிரியர்கள் பேராசிரியர்களுக்குக் கொடுத்துக்கொள்வது. கல்யாண வீட்டில் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்வதுபோல. சமைத்தவன் பின்கட்டில் நிற்பான்.

நான் பாய்லர்மேன். ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) சில ஆண்டுகளுக்கு முன் பழைய கட்டுப்படுத்தியைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்தினார்கள். பாய்லரின் டிரம்மில், அதாவது தண்ணீரும் நீராவியும் இருக்கும் உருளைக் கலனில், தண்ணீர் மட்டம் ஏறினால் நீர் வால்வை மூடும், இறங்கினால் திறக்கும். பொருத்த வந்தவர் மடிக்கணினியில் கோடு நேராக ஓடுவதைக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினோம்.

மூன்றாம் நாள் பழக்குலை நிறைய வந்திருந்தது. வேகவைக்கும் கலன்கள் இரண்டுக்கு ஒரே நேரத்தில் நீராவியைத் திறந்துவிட்டார்கள். பாய்லரில் அழுத்தம் சரிந்தது. நான் தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டம் மேலே போகிறது! நீராவி கொட்டிப் போகிறது, தண்ணீர் குறைய வேண்டும், கண்ணாடியில் ஏறுகிறது. கட்டுப்படுத்தி என்ன செய்யும்? ஏறிவிட்டது என்று நீர் வால்வை இறுக்கி மூடியது. எனக்குப் பக்கத்தில் நின்ற மூத்தவர் ஒரே தாவாகத் தாவிக் கைமுறைக்கு மாற்றி வால்வைத் திறந்தார். "கண்ணாடியை நம்பாதே, பம்பின் சத்தத்தைக் கேள்" என்றார். அடுத்த நிமிடமே மட்டம் கிணற்றில் விட்ட வாளிபோல் இறங்கியது. அவர் மட்டும் இல்லாவிட்டால் பாய்லர் நின்று, ஆலை நின்று, குலையெல்லாம் தளத்தில் கிடந்து கெட்டிருக்கும்.

அவர் ஆறாம் வகுப்பு. அவருக்கு எந்த ஊரில் பதக்கம்?

பாய்லர்தாத்தா | பத்தாங் பெர்ஜுந்தை | ஞாயிறு, காலை 11.05

தம்பி, இதைப் படிக்கும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இதே ஆட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். அழுத்தம் திடீரென்று விழுந்தால் கொதிக்கிற தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் எல்லாம் பருக்கின்றன. சோறு பொங்கி மூடியைத் தூக்குகிறதே, அதுபோல. தண்ணீரின் எடை குறைந்திருக்கும், உயரம் கூடியிருக்கும். அதனால்தான் மட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எவ்வளவு நீராவி வெளியே போகிறது, எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றையும் பார்த்து வால்வை நகர்த்துவதுதான் மூன்று அளவுக் கட்டுப்பாடு. உங்கள் ஆலையில் செலவைக் குறைக்க ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

ஈயக்குட்டை | ஜொகூர் பாரு | ஞாயிறு, பிற்பகல் 2.20

சங்கு அண்ணா, உங்கள் மூத்தவர் செய்ததற்கு எங்கள் பாடத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. முதலில் எதிர்ப்பக்கம் போய்விட்டுப் பிறகு சரியான பக்கம் வருகிற அமைப்பு. அப்படிப்பட்ட அமைப்பை எவ்வளவு கெட்டிக்காரக் கட்டுப்படுத்தி வைத்தாலும் ஓர் அளவுக்கு மேல் விரைவாக ஆள முடியாது. இது இயற்கை போட்ட வேலி, கருவியின் குறை அல்ல. அந்த வேலி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட வழிகாட்டியவர் ஹென்றிக் போடே. தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பெல்மன் பெயரில் இன்று வழங்கும் விருதை 1979இல் முதலில் வாங்கியவர் அவர்தான்.

அவர் பெயரில் ஐ.இ.இ.இ. கட்டுப்பாட்டுச் சங்கம் ஒரு சொற்பொழிவுப் பரிசு வைத்திருக்கிறது. பரிசு வாங்குபவர் மேடையேறிப் பேச வேண்டும். 1989இல் முதல் சொற்பொழிவு குந்தர் ஸ்டைன் என்பவருடையது. ஹனிவெல் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். பேச்சின் தலைப்பே "நிலையற்றதை மதியுங்கள்" என்பதுதான். அப்போது செர்னோபில் விபத்து நடந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது, அதையும் எடுத்துப் பேசினார். கட்டுப்பாடு என்பது மண் தோண்டுகிற வேலை மாதிரி, ஓர் இடத்தில் பள்ளம் தோண்டினால் அந்த மண் இன்னோர் இடத்தில் குவிந்தே தீரும் என்று உவமை சொன்னார். ஓரிடத்தில் பிழையைக் குறைத்தால் வேறோர் இடத்தில் பிழை கூடும். தோட்டத்தில் வாய்க்கால் வெட்டியவர்களுக்கு இது புரியும், மடிக்கணினியில் கோடு காட்டியவருக்குப் புரிந்திருக்காது.

பேராசிரியர்களுக்கு மட்டும் என்றீர்களே, அதற்காகச் சொன்னேன்.

சங்குச்சத்தம் | ஈஜோக் | ஞாயிறு, பிற்பகல் 3.02

தங்கை நன்றாகப் பேசுகிறது. ஆனால் ஒருவரைக் காட்டி ஊரையே காட்டியதாகச் சொல்லக் கூடாது.

கிராணிமகன் | ஷா ஆலம் | ஞாயிறு, மாலை 5.30

ஒருவர் போதாது என்றால் இன்னும் இருவர். சீக்லர், நிக்கல்ஸ். இந்தப் பெயர்களைக் கேட்காமல் யாரும் இந்தத் தொழிலில் ஒரு மாதம்கூட இருக்க முடியாது. இரண்டு பேரும் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கருவிகள் செய்து விற்ற டெய்லர் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். வாடிக்கையாளர்கள், பிழையின் இப்போதைய அளவு, சேர்ந்த அளவு, மாறும் வேகம் மூன்றையும் பார்த்து வேலை செய்யும் பி.ஐ.டி. கட்டுப்படுத்தியை வாங்கிப் போய், மூன்று குமிழ்களை எப்படித் திருப்புவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். 1942இல் இந்த இருவரும் ஒரு கட்டுரை எழுதி வழி சொன்னார்கள். எண்பது ஆண்டு கடந்தும் அந்தக் கணக்கு பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நிக்கல்சுக்கு 1969இல் ஓல்டன்பர்கர் பதக்கம் கிடைத்தது. இப்போது ஐஃபாக் அவர் பெயரிலேயே ஒரு பதக்கம் கொடுக்கிறது. கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைத்துக் காட்டியவர்களுக்கு உரியது அது.

பாய்லர்தாத்தா | பத்தாங் பெர்ஜுந்தை | ஞாயிறு, மாலை 6.15

அடடா, அந்தக் கணக்கை நான் சட்டைப் பையில் துண்டுச் சீட்டாக வைத்திருந்தவன்! கட்டுரை எழுதியவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது இன்றுதான் தெரியும்.

எப்படிச் செய்வோம் என்றால், மற்ற இரண்டு குமிழ்களையும் அணைத்துவிட்டு முதல் குமிழை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். பதிவுக் கருவியின் எழுதுகோல் தாளில் முதலில் சின்ன அலை போட்டு அடங்கும். இன்னும் கூட்டினால் அடங்காமல் ஒரே சீராக ஏறி இறங்கும், கூடாது, குறையாது. அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். உறுமியின் தோலை இழுத்துக் கட்டும்போது ஒரு கட்டத்தில் சரியான நாதம் வருமே, அதற்கு மேல் இழுத்தால் கிழியும், அந்த இடம். குமிழ் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓர் அலைக்கு எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தில் பார்ப்போம். பிறகு எண்ணில் பத்தில் ஆறு பங்கு முதல் குமிழுக்கு. அலை நேரத்தில் பாதி இரண்டாவதற்கு, எட்டில் ஒன்று மூன்றாவதற்கு. முடிந்தது.

ஒருமுறை நீர் சூடேற்றும் தொட்டியில் இதைச் செய்யப் போய் அலை அடங்காமல் பெருகிவிட்டது. மேலாளர் ஓடி வந்து, "ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டீர்!" என்று கத்தினார். அதன் பிறகு நான் அந்த எண்ணை எப்போதும் கொஞ்சம் குறைத்தே வைப்பேன். புத்தகக் கணக்கு முரட்டுக் கணக்கு. உடம்புக்குத் தகுந்த மருந்துபோல் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஈயக்குட்டை | ஜொகூர் பாரு | ஞாயிறு, இரவு 8.45

ஐயா, அந்த முரட்டுத்தனத்துக்கு மருந்து கண்டவரும் பதக்கக்காரர்தான். சுவீடனின் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோம். 1987இல் குவாட்சா பதக்கம், 1993இல் ஐ.இ.இ.இ.யின் மிக உயர்ந்த கௌரவப் பதக்கம். பேராசிரியர்தான், ஆனால் 1960களில் காகித ஆலைக்குள் போய் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று தொழில் கற்றவர். காகிதம் ஓடும்போது அதன் எடை ஏன் கூடிக் குறைகிறது என்பதைக் கணினியை வைத்துப் பார்த்த முதல் கூட்டத்தில் ஒருவர். 1984இல் அவரும் அவருடன் ஆய்வு செய்த ஹேக்லுண்டும் ஒரு வழி சொன்னார்கள். குமிழை அபாய எல்லைவரை ஏற்ற வேண்டாம், ஒரு ரிலேயை (தானாக மாறும் மின்விசையை) வைத்து வால்வைச் சின்ன அளவில் மாற்றி மாற்றித் திறந்து மூடுங்கள், அமைப்பு தானே கட்டுக்குள் ஆடும், அந்த ஆட்டத்திலிருந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நீங்கள் கடைசிக் காலத்தில் பயன்படுத்திய கட்டுப்படுத்திகளில் தானே சுருதி சேர்க்கும் பொத்தான் ஒன்று இருந்திருக்குமே?

பாய்லர்தாத்தா | பத்தாங் பெர்ஜுந்தை | ஞாயிறு, இரவு 9.00

இருந்தது மகளே. நான் அதை அழுத்தியதே இல்லை. எவனோ என் வேலைக்கு உலை வைக்கிறான் என்று நினைத்தேன்!

தாமான்வாசி | கோலா சிலாங்கூர் | ஞாயிறு, இரவு 9.40

கலங்கரை விளக்கத்துக்குப் போய் வந்தேன். பிள்ளைகளுக்குக் குரங்குதான் பிடித்தது. அது இருக்கட்டும். நம்மவர்கள் யாராவது இந்த விருதுகளை வாங்கியிருக்கிறார்களா? தமிழர்?

கிராணிமகன் | ஷா ஆலம் | திங்கள், காலை 8.20

இருக்கிறார்களே. கும்பட்டி நரேந்திரா, 1933இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். ஹார்வர்டில் முனைவர், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் தகவமைப்புக் கட்டுப்பாட்டில் பெரிய கை. 2003இல் பெல்மன் விருது. தமிழர் ஒருவர் அந்த மேடையில்!

ஈயக்குட்டை | ஜொகூர் பாரு | திங்கள், காலை 8.55

அண்ணா, சென்னையில் பிறந்து படித்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். வீட்டில் எந்த மொழி பேசினார் என்பதை நாம் எழுதிக் கொடுக்க முடியாது. இந்தியாவில் பிறந்தவர்கள் என்று பார்த்தால் இன்னும் உண்டு. குண்டூரில் பிறந்த எம். வித்யாசாகர் 2008இல் ஐ.இ.இ.இ. கட்டுப்பாட்டு விருது வாங்கினார், பிரமோத் கார்கோனேகர் 2019இல். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி.ஆர். குமார் 1985இல் எக்மன் விருது வாங்கியவர், 2022இல் கிரகாம் பெல் பதக்கமும்.

எக்மன் விருது என்றதும் எனக்கு நினைவு வருபவர் கிளேர் டாம்லின். 2003இல் வாங்கினார். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் விலகிப் போவதைக் கணிதத்தால் உறுதி செய்யும் ஆய்வு. பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அவரையும் சொல்லுங்கள் ஐயா. எனக்கு இவரைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று, பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் தெரியும்.

வெண்டைக்காய் | புக்கிட் ரோத்தான் | திங்கள், பிற்பகல் 1.10

என் அக்காள் மகன் போன ஆண்டு கண்டுபிடிப்புக் கண்காட்சி ஒன்றில் தானாக நீர் பாய்ச்சும் கருவிக்குத் தங்கப் பதக்கம் வாங்கினான். அதுவும் அனைத்துலகம் என்றுதான் போட்டிருந்தார்கள். இதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கிராணிமகன் | ஷா ஆலம் | திங்கள், பிற்பகல் 1.45

பையனுக்கு வாழ்த்து. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். கண்காட்சிகளில் தங்கம் என்பது ஓர் அளவு மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லாருக்கும் தருவது வழக்கம், ஒரே கூடத்தில் பல தங்கங்கள் இருக்கும். நாம் பேசுவது ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும், அவரே விண்ணப்பிக்காமல், மற்றவர்கள் முன்மொழிந்து கிடைப்பது.

சங்குச்சத்தம் | ஈஜோக் | திங்கள், இரவு 10.25

இரவு வேலைக்குப் போகுமுன் எழுதுகிறேன். முன்மொழிந்து கிடைப்பது என்றீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. முன்மொழிய ஆள் வேண்டும். கட்டுரை எழுதியவனைக் கட்டுரை படித்தவன் முன்மொழிவான். என் மூத்தவரை யார் முன்மொழிவார்? மூன்று அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று முதன்முதலில் எந்த ஆலையில் எந்த மனிதனுக்குத் தோன்றியது, யாராவது பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஈயக்குட்டை | ஜொகூர் பாரு | செவ்வாய், காலை 7.30

பெயர் சொல்ல முடியவில்லை அண்ணா. தோற்றுவிட்டேன்.

பெரிய பெயர்களுக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. பிழை கலந்த அளவுகளிலிருந்து உண்மை நிலையைக் கணிக்கும் கால்மன் வடிகட்டி என்ற கணக்கு அப்போலோ விண்கலம் நிலவுக்கு வழி பார்க்க உதவியது, இன்று உங்கள் கைப்பேசி வரைபடத்திலும் ஓடுகிறது. ருடால்ஃப் கால்மன் அதை 1960இல் வெளியிட்டார். 1974இல் ஐ.இ.இ.இ. கௌரவப் பதக்கம், 1976இல் ஓல்டன்பர்கர், 1985இல் முதல் கியோட்டோ பரிசு, 2008இல் டிரேப்பர் பரிசு. 2009இல் அமெரிக்க அதிபர் ஒபாமா கையால் தேசிய அறிவியல் பதக்கம். ஒரு மனிதருக்கு இத்தனை. ஆனால் ஏறக்குறைய அதே எண்ணத்தை அவருக்குச் சற்று முன்பே அமெரிக்காவில் ஸ்வெர்லிங்கும் ரஷ்யாவில் ஸ்ட்ரடோனோவிச்சும் எழுதியிருந்தார்கள். பெயர் கால்மனோடு ஒட்டிக்கொண்டது. அவர் பெரிய மேதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பதக்கம் என்பது ஆற்றில் ஓரிடத்தில் நட்ட கம்பு. தண்ணீர் அங்கிருந்து புறப்படவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், உங்களுக்காகவே தேடினேன். ஐ.இ.இ.இ. கட்டுப்பாட்டு விருதை 1982இல் முதன்முதலில் வாங்கியவர் ஹவார்ட் ரோசன்பிராக், மான்செஸ்டரில் இருந்த ஆங்கிலேயர். பல உள்ளீடும் பல வெளியீடும் உள்ள அமைப்புகளை ஆளும் கணிதத்துக்குப் பேர்போனவர். அவர் பிற்காலத்தில் எதைப் பற்றிப் புத்தகம் எழுதினார் தெரியுமா? தொழிலாளியின் கைத்திறனைப் பிடுங்கிக்கொள்ளாத இயந்திரம் செய்வது எப்படி என்று. கடைசல் இயந்திரத்தை, அதை ஓட்டுகிறவரின் அறிவை ஒதுக்காமல் பயன்படுத்தும்படி வடிவமைக்கும் ஒரு முயற்சியையும் நடத்தினார். உங்கள் மூத்தவர் வால்வைக் கைமுறைக்கு மாற்றினாரே, அந்தக் கைமுறைப் பொத்தானை எடுத்துவிடாதீர்கள் என்று வாதாடிய மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதக்கமே அவருக்குத்தான் போனது.

சங்குச்சத்தம் | ஈஜோக் | செவ்வாய், காலை 8.05

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். படித்தேன். அந்த மனிதரின் பெயரை மறுபடி எழுதுங்கள், எழுத்துக் கூட்டிக் குறித்துக்கொள்கிறேன்.

தாமான்வாசி | கோலா சிலாங்கூர் | செவ்வாய், காலை 9.30

கைத்திறனுக்கும் போட்டி உண்டே, யாரும் சொல்லவில்லை! வேர்ல்ட்ஸ்கில்ஸ் என்ற உலகத் திறன் போட்டியில் தொழிலகக் கட்டுப்பாடு என்று தனிப் பிரிவே இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கட்டுரையெல்லாம் இல்லை. பலகையில் குழாயும் கம்பியும் பொருத்தி, பி.எல்.சி. என்ற ஆலை இயந்திரங்களை ஆளும் கணினிக்கு நிரல் எழுதி, வேண்டுமென்றே வைத்த பழுதைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். கம்பியை வளைத்த கோணம்வரை அளந்து மதிப்பெண் போடுவார்கள். மலேசியாவிலிருந்தும் போகிறார்கள். உள்நாட்டில் வேர்ல்ட்ஸ்கில்ஸ் மலேசியா பெலியா என்ற தேர்வுப் போட்டி இருக்கிறது. தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் போகலாம்.

சங்குச்சத்தம் | ஈஜோக் | செவ்வாய், காலை 9.41

வயது வரம்பு?

தாமான்வாசி | கோலா சிலாங்கூர் | செவ்வாய், காலை 9.44

அந்தப் பிரிவுக்குப் போட்டி நடக்கும் ஆண்டில் 22ஐத் தாண்டக் கூடாது.

சங்குச்சத்தம் | ஈஜோக் | செவ்வாய், காலை 9.46

எனக்குப் பதினாறு ஆண்டு தாமதம். தங்கை மகனுக்கு 17. அவனிடம் கேட்கிறேன்.

பாய்லர்தாத்தா | பத்தாங் பெர்ஜுந்தை | வெள்ளி, மாலை 4.30

பள்ளிக்குப் போய் வந்தேன். என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

ஆலையின் பழைய இரும்பிலிருந்து ஒரே அளவில் இரண்டு கம்பிகளை முன்பே வாங்கி வைத்திருந்தேன். ஒன்றுக்கு மினுக்கமில்லாத கறுப்பு வண்ணம் பூசினேன், மற்றதைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி செய்தேன். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று, வீட்டுக்காரி முறைத்தாள். காலை பத்து மணி வெயிலில் திடலில் வைத்துவிட்டு, டாலேனின் கதையைச் சொன்னேன். கண் போனதைச் சொன்னபோது பிள்ளைகள் சத்தமே போடவில்லை. பிறகு வரிசையாகப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கறுப்புக் கம்பியைத் தொட்டவர்கள் எல்லாரும் "ஆ" என்று கையை இழுத்துக்கொண்டார்கள். பளபளப்பானதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீளம் மாறியதைக் காட்ட முடியவில்லை, என்னிடம் அவ்வளவு நுட்பமான கருவி இல்லை.

சங்குத் தம்பியின் பாய்லர் கதையையும் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை, "எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்" என்று மட்டும் சொன்னேன். சோறு பொங்குகிற உவமை நன்றாக எடுபட்டது. கிளேர் டாம்லின் கதையைக் கேட்ட ஒரு பெண் பிள்ளை, விமானத்துக்குப் பிரேக் இருக்கிறதா என்றாள். கால்மனைச் சொல்ல நேரமில்லை.

அதே பையன் மறுபடியும் எழுந்தான். நோபல் பரிசைப் பற்றி இப்போது அவனுக்கு அக்கறையே இல்லை. "தாத்தா, பகலில் மழை வந்து இருட்டிக்கொண்டால் அந்த விளக்கு எரிந்துவிடுமா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஈயக்குட்டை | ஜொகூர் பாரு | வெள்ளி, மாலை 5.12

எரியும் ஐயா. கடிகாரம் பார்த்து வேலை செய்கிற கருவியில்லையே அது, வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்வது. மேகம் கனத்து இருட்டினால் பகலானாலும் வாயு திறக்கும். கப்பல்காரனுக்கும் அப்போதுதானே விளக்கு வேண்டும். அந்தப் பையனின் கேள்வி எங்கள் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி.

பாய்லர்தாத்தா | பத்தாங் பெர்ஜுந்தை | வெள்ளி, மாலை 5.20

நல்லது மகளே. ஆசிரியைக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். கம்பிகளைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தேன். மழை நாளில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள்.